நாற்பது நாள் சாத்தியிருந்த கதவு

(நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் மூன்றாம் தளக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். குழந்தையின் பெயர், படம், பிறந்த மாநிலம் ஆகியவை அவருடைய வேண்டுகோளின்படி தவிர்க்கப்பட்டுள்ளன.)



செயலாளர் என்னிடம், "பத்து நிமிஷம் ஏதாவது பயனுள்ளதாகப் பேசுங்கள் சார்" என்றார். செராமிக் பற்றித்தான் பேசச் சொல்கிறார் என்று நினைத்தேன். நம் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருஷம் சூளை பார்த்தவனுக்கு வேறு என்ன தெரியும்? அவரோ, "பேத்தியைப் பற்றிப் பேசுங்கள் சார். நிறைய பேருக்குக் கேட்க ஆசை, ஆனால் தயக்கம்" என்றார்.

தயக்கத்துக்குக் காரணம் நாங்கள்தான். போன வருஷம் தை, மாசி மாதங்களில் எங்கள் வீட்டுக் கதவு நாற்பது நாள் சாத்தியே இருந்தது. பலகாரத்தோடு வந்தவர்களையும், குழந்தையைப் பார்க்க வந்தவர்களையும் வாசலிலேயே நிறுத்தி அனுப்பினோம். "அமெரிக்காக் குழந்தை இல்லையா, நம் கை படக்கூடாது போல" என்று மாடிப்படியில் யாரோ சொன்னது என் மனைவி காதில் விழுந்தது. சொன்னவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் காரணம் சொல்லவில்லை. சொல்லாதபோது எதையாவது நினைக்கத்தான் செய்வார்கள். அந்தக் காரணத்தை இன்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அவள் அமெரிக்காவிலிருந்து வந்த குழந்தை இல்லை, அமெரிக்காவுக்குப் போன குழந்தை. என் மகளும் மாப்பிள்ளையும் டெக்சாஸில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். செய்யாத வைத்தியம் இல்லை. ஒருநாள் மகள் போனில், "அப்பா, இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் போகிறோம்" என்றாள். என் மனைவியின் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "யார் பெத்ததோ என்னவோ" என்பதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நானும் அதையேதான் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது அப்படித் தோன்றினால் நீங்கள் மட்டும் இல்லை என்று தெரியட்டும்.

அதைவிட வெட்கமான இன்னொன்றும் உண்டு. விஷயம் உறவுக்குள் பரவியதும் தூரத்துச் சொந்தம் ஒருவர் வந்தார். "எதுக்கு மாமா வருஷக்கணக்கா காத்திருக்கணும்? ஒரு இடத்துல பச்சைக் குழந்தை இருக்கு. மூணு லட்சம். பிறப்புச் சான்றிதழ்லயே உங்க பொண்ணு பெத்ததா எழுதிக் கொடுத்துடுவாங்க. யாருக்கும் தெரியாது" என்றார். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சரி என்றே பட்டது. பணத்தைக்கூடத் தயார் செய்தேன்.

மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "அந்தக் குழந்தையோட அம்மா எங்கப்பா?" என்னிடம் பதில் இல்லை.

2019-ல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செவிலியராக இருந்தவர் ஒருவர் பேரம் பேசிய ஒலிப்பதிவு வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியது. நம் எல்லோருடைய போனிலும் வந்தது. கேட்டுவிட்டு "அட பாவிகளா" என்றவன்தான் நானும். அதே பேரம் என் வீட்டுக் கூடத்துக்கு வந்தபோது எனக்கு அது பேரமாகவே தெரியவில்லை. குழந்தையை விலைக்கு வாங்கினாலும் விற்றாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை. மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் செய்தால் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு வருஷம்.

வெளிநாட்டுக்குக் குழந்தை போவதில் இன்னும் பழைய காயங்கள் உண்டு. 1990-களின் கடைசியில் சென்னையில் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் சிலர் காணாமல் போனார்கள். அவர்கள் ஒரு தத்து நிறுவனம் வழியாக வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்ற குற்றச்சாட்டு 2005-ல் போலீஸ் சிலரைக் கைது செய்தபோதுதான் வெளியே வந்தது. நடைபாதையில் தூங்கும்போது மகனைப் பறிகொடுத்த பெற்றோர், நெதர்லாந்து நீதிமன்றம் வரை போய் மரபணுச் சோதனை கேட்டார்கள். இலங்கையில் 1980-களில் ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் பலரின் காகிதங்கள் போலி என்பதும் பின்னால் தெரிந்தது. இப்படிப்பட்ட முறைகேடுகளை ஒரு விசாரணைக் குழு அறிக்கையாகக் கொடுத்த பிறகு, நெதர்லாந்து அரசு 2021-ல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. அங்கே வளர்ந்து பெரியவர்களானவர்கள் இன்றைக்கும் தங்கள் தாயைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். கையில் இருக்கும் பெயரும் ஊரும் பொய்யாக இருந்தால் எங்கே போய்த் தேடுவது?

நம் ஊர்க் கதை ஒன்று இங்கே பொருந்தும். பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் நம் மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்ட கதை. ஆற்றில் போட்டது ஞாபகம் இருக்கும். போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி எடுத்துக்கொண்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். குளத்தில் எடுத்த பொன் அதே மாற்றுதானா என்று அந்த மச்சத்தை வைத்துத்தான் உரசிப் பார்த்தார்கள். ஒரு ஊரில் விட்டதை இன்னொரு ஊரில் எடுக்கும்போது மச்சம் வேண்டும். தத்தெடுப்பில் அந்த மச்சம்தான் காகிதம். மகள் அலுத்துக்கொண்டே சேர்த்த அந்த மூன்று தடித்த கோப்புகளும் எங்களுக்காக இல்லை, குழந்தைக்காக.

இந்தக் காகித வழி எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர், இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குக் கொடுப்பதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984-ல் நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். முதலில் இந்தியாவிலேயே ஒரு குடும்பம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்பது அதன் சாரம். காரா என்று சொல்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையம் 1990-ல் வந்தது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கை 1993-ல் உருவானது. இந்தியா அதை 2003-ல் ஏற்றது. இப்போது நடப்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் 2022-ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிமுறைகளும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார்.

மகளும் மாப்பிள்ளையும் போன வழி இதுதான். அங்கே காராவின் அங்கீகாரம் பெற்ற ஒரு முகமை வீட்டுக்கு வந்து ஆய்வு செய்தது. சம்பளம், உடல்நலம், போலீஸ் சான்று மட்டுமல்ல. "நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் எப்படிச் சமாதானம் ஆவீர்கள்" என்றுகூடக் கேட்டார்களாம். வயதும் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக்கூடாது. இவர்களுக்குப் பதிவு செய்த அன்று 79. பிறகு அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல், பிறகு காராவில் பதிவு, பிறகு காத்திருப்பு.

வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே இருப்பவர்களோடு சம வரிசை. மாப்பிள்ளை மாதிரி வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்டவர்களுக்கு, உள்நாட்டில் யாரும் ஏற்காத பிறகுதான் குழந்தையைக் காட்டுவார்கள். எங்கள் பேத்தி அப்படி வந்தவள்தான். குறைப்பிரசவத்தில் பிறந்தவள், இதயத்தில் சிறு துளை. அந்த ஒரு வரி மருத்துவ அறிக்கையில் இருந்ததால் அவளைப் பார்த்த குடும்பங்கள் கடந்து போய்விட்டன. மகள் அந்த அறிக்கையைக் குழந்தை இதய மருத்துவர் ஒருவரிடம் காட்டினாள். பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும் வகை, கவனித்துவந்தால் போதும் என்றார் அவர். பதிவு செய்ததிலிருந்து அந்த நாள் வரை மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

காராவின் தடையில்லாச் சான்று கிடைத்ததும், ஆட்சியர் ஆணை வரும்வரை குழந்தையை இந்தியாவுக்குள் வளர்ப்புப் பராமரிப்பில் பெற்றோரே வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. அதனால்தான் நம் ஊருக்கு வந்தாள். எழும்பூரில் ரயில் ஏறி விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியபோது அவளுக்கு ஒரு வயது எட்டு மாதம். பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்தாள்; சிரிக்கவில்லை, அழவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தும் அழவில்லை. பசித்தாலும் இல்லை, கீழே விழுந்தாலும் இல்லை. முதல் இரண்டு நாளில் பார்த்த சிலர், "எவ்வளவு சமர்த்துக் குழந்தை, அழவே மாட்டேங்குதே" என்று பாராட்டினீர்கள். நாங்களும் பெருமைப்பட்டோம். மருத்துவரிடம் போனபோதுதான் அவர் விளக்கினார். பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு ஓர் ஆயா இருக்கிற இடத்தில் வளரும் குழந்தை, அழுதால் யாரும் உடனே வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்டுவிடும். அது சமர்த்து இல்லை, நம்பிக்கை விட்டுப்போனது. நல்ல மனசோடு பார்த்துக்கொள்ளும் இடத்தில்கூட அப்படி ஆகலாம், கை போதாது என்பதால்.

"முதல் சில வாரம் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மாவும் அப்பாவும் மட்டும் செய்யட்டும். தாத்தா ஆயாகூடத் தள்ளி நிற்கட்டும். யார் கூப்பிட்டாலும் யார் மடிக்கும் போகிற குழந்தைக்கு, தன் மடி எது என்று தெரியவேண்டும்" என்றார். கதவைச் சாத்தியதன் காரணம் இதுதான். உங்களை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. என் மனைவி அந்த வீட்டுக்குள்ளேயே நாற்பது நாள் பேத்தியைத் தூக்காமல் இருந்தாள்.

சூளை பார்த்தவன் என்பதால் இது எனக்குப் புரிந்தது. 1,200 டிகிரி தாண்டி எரிந்த சூளையை, வேலை முடிந்ததென்று உடனே திறக்கமாட்டோம். வெளிக்காற்று சட்டென்று பட்டால் பொம்மையானாலும் ஃபியூஸ் கட்டையானாலும் கீறல் விட்டுவிடும். அது தானாக ஆறவேண்டும். எவ்வளவு ஆர்டர் காத்திருந்தாலும் அந்த நேரத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

அவள் கேட்டு வளர்ந்தது இந்தி. எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. இரண்டாம் தளத்தில் நெய்வேலியில் வேலை பார்க்கிற பீகார்க் குடும்பம் இருக்கிறதே, அந்தப் பெண், கதவு சாத்தியிருப்பதற்கு மற்றவர்கள் வருத்தப்பட்டபோது, ஒரு தாளில் இருபது இந்தி வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் தன் பையனை விட்டு எழுதவைத்து, கதவடியில் தள்ளிவிட்டுப் போனார். தண்ணீருக்குப் பானி, பாலுக்குத் தூத், தூங்கு என்பதற்கு ஸோ ஜாவோ. மகள் அன்று இரவு "பானி?" என்று கேட்டபோது குழந்தை முதல்முறையாகத் தலையாட்டினாள். அந்தத் தாள் இப்போது டெக்சாஸில் குழந்தையின் கோப்பில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, ராத்திரி கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்று இருட்டானது. மகள் மெழுகுவர்த்தி எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அப்போது வீறிட்டு ஒரு அழுகை. அம்மாவைக் காணோம் என்ற அழுகை. மகள் ஓடிவந்து தூக்கியதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். மகளும் அழுதாள். நானும் என் மனைவியும் கூடத்து இருட்டில் நின்றபடி அழுதோம். நீங்கள் சிலர் டார்ச்சோடு ஓடிவந்து கதவைத் தட்டினீர்கள்: "என்னாச்சு சார், குழந்தை அடிபட்டுடுச்சா?" நான் வெளியே வந்து, "ஒன்றுமில்லை, அழுகிறாள்" என்று மட்டும் சொன்னேன். நான் சிரித்துக்கொண்டே சொன்னது உங்களுக்கு விநோதமாக இருந்திருக்கும். அழுதால் யாராவது வருவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்ட சந்தோஷம் அது. அம்மா மட்டும் அல்ல, ஒரு மாடியே டார்ச்சோடு வந்தது. இதுவரை உங்களுக்கு நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பிறகு ஆட்சியர் ஆணை வந்தது. பெற்றோர் இடத்தில் மகள், மாப்பிள்ளை பெயரோடு பிறப்புச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு, ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்ற காராவின் சான்று, டில்லியில் அமெரிக்கத் தூதரகத்தில் விசா. அங்கே விமானம் இறங்கிக் குடியேற்ற அதிகாரி அனுமதித்த அந்த நிமிஷமே அவள் அமெரிக்கக் குடிமகள். அதோடு முடியவில்லை. முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று என மொத்தம் ஆறு அறிக்கைகள் அங்கிருந்து காராவுக்கு வந்தாக வேண்டும். நம் நாடு கொடுத்த பிள்ளையை நம் நாடு விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பதினெட்டு வயதான பிறகு தன் வேரைத் தேடவும் அவளுக்கு வழி இருக்கிறது, பெற்ற தாயின் அந்தரங்கத்துக்குப் பங்கம் வராமல்.

கூட்டத்துக்கு முன்னால் ஒருவர், இங்கே இருக்கும் நாம் வெளிநாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்துவர முடியுமா என்று கேட்டார். விதி இருக்கிறது. முதலில் அந்த நாட்டுச் சட்டப்படி தத்தை முடிக்க வேண்டும். காராவின் ஒப்புதல், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நுழைவு விசா, உள்துறை அமைச்சகத்தின் அனுமதி ஆகியவை வேண்டும். ஆனால் இங்கேயே காத்திருக்கும் குழந்தைகளுக்கு முதலில் காராவின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் கடலூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். இடைத்தரகர் எதற்கும் தேவையில்லை. ரசீது இல்லாமல் யார் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்று வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

ஒன்று, தத்தெடுத்த எந்தக் குழந்தையின் முன்னாலும் "சொந்தக் குழந்தையா" என்று கேட்காதீர்கள். அவளுக்கு உண்மை தெரியும்; மகள் முதல் நாளிலிருந்தே படப் புத்தகம் வைத்துக் கதையாகச் சொல்லிவருகிறாள். மறைப்பதற்காகக் கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. "சொந்தம்" என்ற சொல்லுக்கு அவள் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு, "பெரிய புண்ணியம் பண்ணிட்டீங்க" என்று சொல்லாதீர்கள். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளை வந்தது. அதில் யார் யாருக்குப் புண்ணியம் செய்தார்கள் என்று எங்களுக்கே தெரியவில்லை.

மூன்றாவது முக்கியம். குழந்தையை வளர்க்க முடியாமல் ஒரு பெண் தவிக்கிறாள் என்றோ, யாரோ குழந்தையை விலை பேசுகிறார்கள் என்றோ கேள்விப்பட்டால் 1098-க்கு ஒரு போன் செய்யுங்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் பெண் குழந்தைகள் விகிதம் குறைந்திருந்ததால் நம் கடலூர் மாவட்டத்துக்கும் அது வந்தது. நமக்குப் பெருமையான காரணம் இல்லை, ஆனால் வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கும் தாய்க்கு, மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசமும் உண்டு. தரகனிடம் கொடுத்தால் அந்த அறுபது நாள் அவளுக்குக் கிடையாது. மகள் என்னிடம் கேட்ட கேள்விக்கு, இந்த வழியில் போனால்தான் பதில் இருக்கும்.

மே மாத விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு வருகிறாள். இதயத் துளை மூடிவிட்டதாகப் போன மாதம் மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது எதற்கெடுத்தாலும் அழுகிறாளாம், வீடே அதிர்கிறதாம். சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். டார்ச் வேண்டாம், வெறும் கையோடு வாருங்கள். இந்தத் தடவை கதவு திறந்திருக்கும்.